வராத உதவித்தொகையை வரவில் எழுதித் தந்தவர்கள்: ஓர் எச்சரிக்கை

என் அக்காள் மகளின் மேற்படிப்புக்காக 2024 அக்டோபர் முதல் 2025 பிப்ரவரி வரை ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனத்திடம் நாங்கள் கொடுத்த தொகை ரூ.68,000. அதில் ரூ.35,000 ஒரே ஒரு படிவத்தை நிரப்புவதற்காக வாங்கப்பட்டது. அந்தப் படிவத்தை நிரப்ப எங்கள் பிள்ளைக்குத் தகுதியே இல்லை. தகுதி உள்ளவர்களுக்கும் அதற்குக் கட்டணம் ஒரு காசு கிடையாது. புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயன் இருக்காது, ஏனென்றால் அவர்கள் இதற்குள் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டார்கள். அவர்கள் கையாண்ட முறையை எழுதி வைத்தால், எந்தப் பலகையின் கீழ் உட்கார்ந்திருந்தாலும் அடையாளம் தெரியும்.

எங்களுடையது தங்கச்சிமடத்துக் குடும்பம். மச்சானுக்கு இராமேசுவரம் துறையில் ஒரு விசைப்படகில் பாதிப் பங்கு உண்டு. வாரத்தில் திங்கள், புதன், சனி என்று மூன்று நாள்கள்தான் படகு கடலுக்குப் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாள்களுக்கு அரசு தரும் ரூ.8,000 நிவாரணத்தை வைத்து ஒரு வீடு எப்படி ஓடும் என்பது இந்தக் கரையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். மகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முதுநிலை முடித்தவள். புள்ளியியலில் அமெரிக்காவில் ஒரு முதுநிலைப் பட்டம் படித்து, பிறகு ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். நான் மண்டபம் பக்கத்தில் ஓர் உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர். படித்தவன் என்று என்னைத்தான் பேச அனுப்பினார்கள். கூட இருந்து ஏமாந்தவன் என்ற முறையில் இந்தப் பதிவில் எனக்கும் ஒரு பங்கு அவமானம் உண்டு.

இராமநாதபுரத்தில் ஒரு மேல்மாடியில் இருந்த அலுவலகத்தில் எங்களை உட்காரவைத்து, குளிர்சாதனத்தைக் கூட்டி வைத்துவிட்டு, ஆலோசகர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீல மையில் கணக்கு எழுதினார். முதல் வரியில் ஓராண்டுப் படிப்புக் கட்டணம் 24,000 டாலர் என்று எழுதினார். அதன் கீழே 'நிதியுதவி' என்று எழுதி 10,000 டாலரைக் கழித்தார். பிறகு தங்கவும் சாப்பிடவும் 7,000 டாலர் என்று கூட்டி, ஆக மொத்தம் 21,000 டாலர், அன்றைய மாற்று விலையில் ஏறத்தாழ 18 லட்சம் என்று அடிக்கோடு போட்டு, தாளை மச்சான் பக்கம் திருப்பி வைத்தார். மச்சான் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிப்ரவரி வரை அந்தத் தாள் எங்கள் வீட்டில் ஒரு பத்திரம் போல இருந்தது. அந்த 10,000 டாலரை யார் தருகிறார்கள், எப்போது தருகிறார்கள், எந்தக் கடிதத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்று நாங்கள் மூவருமே கேட்கவில்லை. இறால் கம்பெனியில் வாங்கிய முன்பணத்தை ஒரு ரூபாய் பிசகாமல் நோட்டில் எழுதி வைக்கும் மனிதர் மச்சான். வலை ஏறுமுன் மீன்பாட்டை வரவில் எழுதும் ஆள் அவர் இல்லை. தாளில் டாலர் என்று போட்டிருந்ததால் அவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

பதிவுக் கட்டணம் ரூ.25,000, நோக்க அறிக்கை எழுத ரூ.8,000, 'அமெரிக்க அரசின் நிதியுதவி விண்ணப்பச் சேவை'க்கு ரூ.35,000. முதல் தொகைக்கு மட்டும் ரசீது கொடுத்தார்கள். மற்ற இரண்டையும் ஒரு பெண்ணின் பெயரில் இருந்த கைப்பேசி எண்ணுக்குக் கூகுள் பேயில் அனுப்பச் சொன்னார்கள்.

அந்தச் 'சேவை' என்னவென்று இப்போது சொல்ல முடியும். அமெரிக்கக் கல்வித்துறை நடத்தும் ஒரு படிவம் உண்டு. அதைச் சுருக்கமாக 'ஃபாஃப்சா' என்பார்கள். அந்த ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தே 'இலவசம்' என்ற சொல்லைக் குறிக்கிறது. அந்நாட்டுக் குடிமக்களும், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களைப் போன்று சட்டம் வரையறுத்த வேறு சிலரும்தான் அதன் வழியாக அரசின் உதவியைப் பெற முடியும். எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு அந்த உதவி கிடையாது. இது ஒளிவுமறைவான விதி அல்ல. படிவத்தின் தொடக்கத்திலேயே குடியுரிமை பற்றிய கேள்வி இருக்கிறது. எங்களுக்கு நவம்பரில் 'விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்று ஒரு தாளை வாட்ஸப்பில் அனுப்பினார்கள். அதில் கழுகுச் சின்னம் இருந்தது, பிள்ளையின் பெயர் இருந்தது, ஆனால் விண்ணப்ப எண் இருக்க வேண்டிய இடத்தில் அவளுடைய கடவுச்சீட்டு எண் இருந்தது. அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். அரசு அலுவலகம் ஒன்று தானாக ஓர் எண் கொடுக்காமல் எந்தக் காகிதத்தையாவது ஏற்றுக்கொண்டதை நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து அனுமதிக் கடிதம் வந்தது. அதில் உதவித்தொகை பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆலோசகரைக் கேட்டால், "அது தனியா வரும் சார், மொதல்ல சீட்டைப் புடிங்க, மூணு நாள்ல டெபாசிட் கட்டலேன்னா வேற ஆளுக்குப் போயிடும்" என்றார். அன்றிரவு பிள்ளை யாரிடமும் சொல்லாமல், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குத் தானே ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். மறுநாள் மாலையே பதில் வந்துவிட்டது. வெளிநாட்டு மாணவர்கள் அந்த அரசு உதவிக்கு விண்ணப்பிக்க முடியாது, அந்தப் படிவத்துக்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை, முதுநிலை மாணவர்களுக்கான உதவியைப் பல்கலைக்கழகத்தில் அவரவர் படிக்கும் துறையில்தான் கேட்க வேண்டும், அதற்கான விண்ணப்பக் கெடு ஜனவரியோடு முடிந்துவிட்டது என்று நான்கு வரிகள். அவள் கைப்பேசியை என்னிடம் நீட்டிவிட்டு, "மாமா, ஜனவரியில நாம அவங்க ஆபீஸ்லதானே உக்காந்திருந்தோம்" என்றாள். பணம் போனதைவிட அந்த ஜனவரி போனதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

உண்மையான நிதியுதவி என்பது பெரும்பாலும் கற்பித்தல் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் பணி. இளநிலை மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பது, விடைத்தாள் திருத்துவது போன்ற வேலைகளுக்காகத் துறையே மாதச் சம்பளம் கொடுத்து, படிப்புக் கட்டணத்தை முழுமையாகவோ பகுதியாகவோ விலக்கிவிடும். கணிதம், புள்ளியியல் போன்ற துறைகளில் இளநிலை வகுப்புகள் பெரிதாக இருப்பதால் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. ஆனால் முனைவர் பட்ட மாணவர்களுக்கே முதலில் கொடுப்பார்கள், முதுநிலைக்கு மிஞ்சியதுதான் வரும். எந்தத் துறை முதுநிலைக்கும் கொடுக்கிறது என்பதை, விண்ணப்பிக்குமுன் அந்தத் துறையின் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதித் தெரிந்துகொள்ளலாம். அதற்கு ஆலோசகர் தேவையில்லை. எழுதுவதற்குக் கூச்சமாக இருந்தால் சென்னையில் எஜுகேஷன் யுஎஸ்ஏ என்ற, அமெரிக்க அரசின் ஆதரவில் நடக்கும் ஆலோசனை மையம் இருக்கிறது.

'மூன்று நாள்' மிரட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பட்டமேற்படிப்புக் கல்விக்கூடங்களின் மன்றம் ஒரு தீர்மானம் வைத்திருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு இடம் கொடுத்த மாணவரை ஏப்ரல் 15-க்கு முன் முடிவு சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. உதவி இல்லாத இடத்துக்கு இது பொருந்தாது என்றாலும், எங்களுக்கு வந்த அனுமதிக் கடிதத்திலேயே பதில் சொல்ல மே வரை நேரம் கொடுத்திருந்தார்கள். அந்த மூன்று நாளை ஆலோசகர்தான் உண்டாக்கினார். எங்கள் கரையில் படகுகள் கட்டப்படும் அதே ஏப்ரல் 15 அங்கே ஒரு பாதுகாப்பு நாளாக இருக்கிறது என்று தெரிந்தபோது மச்சான் சிரித்தார்; அந்த மாதத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

நீல மைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு நாங்கள் புதிதாகக் கணக்குப் போட்டோம். பல்கலைக்கழகமே தன் இணையதளத்தில் ஓராண்டுச் செலவை வரிவரியாகக் கொடுத்திருந்தது: கட்டணம் 24,000 டாலர், தங்குமிடமும் உணவும் பிறவும் 14,600, கட்டாய மருத்துவக் காப்பீடு 2,600, மாணவர் கட்டணங்கள் 1,300. மொத்தம் 42,500 டாலர். டாலர் 86 ரூபாய் என்று வைத்தால் 36 லட்சத்து 55 ஆயிரம், அதாவது ஆலோசகர் அடிக்கோடிட்ட தொகையைப் போல இரண்டு மடங்கு. மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 என்ற ஆவணத்தைப் பெற முதல் ஆண்டின் இந்த முழுத் தொகைக்கும் சான்று காட்ட வேண்டும். இதற்கு மேல் வெளிநாட்டு மாணவர் பதிவுக்கு அமெரிக்க அரசு வாங்கும் செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், விமானச் சீட்டு, போய் இறங்கியதும் வாடகை முன்பணம் எல்லாம் தனி. தங்கும் செலவைப் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்துச் சமாளித்துவிடலாம் என்றும் அவர் சொல்லியிருந்தார். எஃப்-1 விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம், அதுவும் வளாகத்துக்குள்தான் வேலை செய்யலாம்; முதல் ஆண்டில் வெளியே போய் வேலை செய்தால் விசாவே போய்விடும். உதவியாளர் பணி கிடைத்தாலும் பல இடங்களில் சம்பளம் ஒன்பது மாதத்துக்குத்தான். கோடை விடுமுறையில் வரவு இல்லை, மாணவர் கட்டணத்துக்கும் பெரும்பாலும் விலக்கு இல்லை. தடைக்காலத்துக்கு ஒதுக்கி வைப்பது போல அந்த மூன்று மாதத்துக்கும் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும்.

கடன் விஷயத்தில் சொன்ன பொய்கள் இன்னும் துணிச்சலானவை. 'வட்டியை அரசே செலுத்தும்' என்று துண்டறிக்கையில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். கேட்டதற்கு இரண்டு திட்டங்களைக் காட்டினார்கள். ஒன்று, 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் பற்றிய செய்தித்தாள் நறுக்கு. அந்தத் திட்டம் இந்தியாவில் உள்ள குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு மட்டும். இன்னொன்று, சிறுபான்மையினர் வெளிநாட்டில் படிக்க வாங்கும் கடனுக்கு வட்டி மானியம் தந்த படோ பர்தேஷ்; நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் அதை அழுத்திச் சொன்னார்கள். அது 2022-23 முதல் நிறுத்தப்பட்ட திட்டம்.

வங்கியில் நேராகப் போய்க் கேட்டபோது மேலாளர் பொறுமையாக விளக்கினார். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் ஈடு வேண்டும்; வெளிநாட்டுப் படிப்பானால் செலவில் 15 விழுக்காடு நம் கையிலிருந்து போட வேண்டும்; படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஈட்டுக்கு எங்களிடம் என்ன இருக்கிறது? மச்சான் வீடு இருக்கும் இடத்துக்குப் பட்டா இல்லை. கடற்கரையில் மூன்று தலைமுறையாக இருக்கும் எத்தனையோ வீடுகளுக்கு இதே நிலைமைதான். இதை ஆலோசகரிடம் முதல் நாளே சொல்லியிருந்தோம்; அவர் ஈடு இல்லாமல் கொடுக்கும் ஒரு தனியார் நிதி நிறுவனத்தைக் கைகாட்டினார். 25 லட்சத்துக்கு 12.5 விழுக்காடு வட்டி, படிக்கும்போதே மாதாமாதம் வட்டி கட்ட வேண்டும், அதாவது மாதம் ரூ.26,000. தடைக்காலத்திலும்தான்.

கடைசியாக, வங்கிக் கணக்கில் 30 லட்சத்தை ஆறு வாரம் போட்டு வைத்துக் காட்டிவிட்டு எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறார், 2 விழுக்காடு கொடுத்தால் போதும் என்றார்கள். அக்காள் தாலிச்சங்கிலியைக் கழற்றும் அளவுக்குப் போய்விட்டாள். தன்னுடையதல்லாத பணத்தைத் தன்னுடையது என்று விசாவுக்காகக் காட்டியது வெளிப்பட்டால் அந்நாட்டுக்குள் நுழைய நிரந்தரத் தடை விழும். விழுவது பிள்ளையின் பெயரில், ஆலோசகரின் பெயரில் அல்ல.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது முதலில் இனிமையாகப் பேசினார்கள், பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சலை அச்செடுத்து நேரில் போய் மேசையில் வைத்த பிறகு இரண்டு தவணையில் ரூ.20,000 தந்தார்கள். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். எங்களிடம் இருப்பது ஒரு ரசீது, கூகுள் பே பதிவுகள், வாட்ஸப் உரையாடல், மடிப்பில் மை கலைந்துபோன அந்தத் தாள். அதில் அவருடைய கையெழுத்தில் 'நிதியுதவி – 10,000' என்ற வரி தெளிவாகவே இருக்கிறது.

பிள்ளை அந்த இடத்தை ஏற்கவில்லை. ஓராண்டு ஒரு பள்ளியில் கணக்கு நடத்திக்கொண்டே, தானே பதினான்கு துறைகளுக்கு எழுதி, முதுநிலைக்கும் உதவி தருவோம் என்று பதில் சொன்ன ஐந்துக்கு மட்டும் விண்ணப்பித்திருக்கிறாள். இரண்டு துறைகள் விண்ணப்பக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்தன. பதில்களுக்காகக் காத்திருக்கிறோம். அவளுடைய நோட்டில் இப்போது நிதியுதவி என்ற வரி இருக்கிறது, எதிரே இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது.

சென்ற வாரம் உச்சிப்புளியில் ஒரு தேநீர்க் கடையில் நின்றபோது, தூணில் புதிய பெயரோடு அதே துண்டறிக்கை ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். தொலைபேசி எண் மாறியிருந்தது. 'வட்டியை அரசே செலுத்தும்' என்ற வரி மாறவில்லை.