இதய ஸ்கேன்: ஸ்பெக்டா, பெட்டா?

இதயத் தசைக்கு இரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்க, கதிரியக்கப் பொருளை ஊசியில் செலுத்திப் படமெடுக்கும் இரண்டு வகை ஸ்கேன்கள்தான் ஸ்பெக்ட் (SPECT), பெட் (PET).

நேரம்: ஸ்பெக்ட் என்றால் பாதி நாள் போய்விடும். டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் ஊசி, அது இதயத் தசையில் சேரும்வரை காத்திருப்பு, கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுத்து ஒரு படம், அப்புறம் மறுபடி முதலிலிருந்து. ஓய்வு நிலையில் ஒன்று, இதயத்தை அதிகம் உழைக்க வைக்கும் அழுத்த நிலையில் ஒன்று என இரண்டு படம் வேண்டுமே. ரூபிடியம்-82 என்ற கதிரியக்கப் பொருளை வைத்து எடுக்கும் பெட் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும்.

கதிர்வீச்சு: டெக்னீசியம் பாதியாகக் குறைய 6 மணி நேரம், ரூபிடியத்துக்குச் சுமார் 75 நொடி. பெட்டில் டோஸ் பொதுவாகக் குறைவு. ஸ்பெக்டிலும் ஒரு வழி உண்டு: அழுத்த நிலைப் படத்தை முதலில் எடுத்து, அது சரியாக இருந்தால் ஓய்வு நிலைப் படத்தை விட்டுவிடலாம். இதை மருத்துவரிடம் கேட்டே பாருங்கள்.

செலவு: ஸ்பெக்ட் மலிவு, பல இடங்களில் கிடைக்கும்.

பருமனானவருக்குப் பெட் படம்தான் தெளிவு. டிரெட்மில்லில் நடந்து சோதிக்க வேண்டியவருக்கு ஸ்பெக்ட். இறங்கி வந்து படுப்பதற்குள் ரூபிடியம் தீர்ந்துவிடுமே!