கேஸ் போடப் பணம் கேட்டால், முதலில் வக்காலத்தைக் கேளுங்கள்

கம்பெனி மேல் வழக்குப் போடுவதாகச் சொல்லி, சென்னையில் சிறு பங்குதாரர்களைக் குறிவைத்துப் பணம் திரட்டிய ஒரு வாட்ஸ்அப் குழுவில் என்ன நடந்தது என்று சொல்கிறோம். இதே மாதிரி அழைப்பு உங்களுக்கும் வரலாம்.

ஆளுக்கு 5,000 ரூபாய் கேட்டார்கள். 112 பெயர் சேர்ந்தது. பணம் முழுக்க ஒருங்கிணைப்பாளரின் சொந்த கூகுள் பே எண்ணுக்குப் போனது, ரசீது கிடையாது. வழக்கு எண் கேட்டவர்களுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அதில் இருந்தது ஈ-ஃபைலிங் எண், அதாவது மனுவை இணையத்தில் ஏற்றியதும் கிடைப்பது. அது வழக்கு எண் ஆகாது. மனுவைத் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் (கம்பெனி வழக்குகளை விசாரிக்கும் அமைப்பு) பதிவகம் சரிபார்த்துக் குறை சொல்லும். குறையைத் தீர்த்து மறுபடி கொடுத்த பிறகுதான் வழக்கு எண் விழும். இந்த மனு குறையோடு அப்படியே கிடந்தது.

குறை என்ன? நிர்வாகச் சீர்கேட்டுக்கு எதிராக, 2013 கம்பெனிச் சட்டத்தின் 241ஆம் பிரிவில் மனுப் போட 100 உறுப்பினர்கள், அதாவது பங்குதாரர்கள், வேண்டும் (மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு அதைவிடக் குறைவானால் அது போதும்). இல்லாவிட்டால் பங்கு மூலதனத்தில் பத்து சதவீதம் கையில் இருக்க வேண்டும். கூட்டாக வைத்திருக்கும் பங்குக்கு எத்தனை பெயர் இருந்தாலும் ஒரே உறுப்பினர்தான். 112இல் 18 ஜோடி கணவன் மனைவி கூட்டு டீமேட் (பங்குகளை மின்னணு முறையில் வைக்கும் கணக்கு), மிஞ்சியது 94. எண்ணிக்கை குறைந்தாலும் விலக்குக் கேட்டு தீர்ப்பாயத்தில் தனி மனுப் போடலாம், அதையும் போடவில்லை. அதோடு, மனுதாரராக முன்னால் நிற்காத மற்றவர்களின் சம்மதம் பெயர், முகவரி, பங்கு எண்ணிக்கையோடு கையெழுத்திட்ட கடிதமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்ட கட்டைவிரல் எமோஜி எதற்கும் உதவாது.

அதனால் பணம் போடும் முன் உங்கள் பெயருள்ள சம்மதக் கடிதத்தின் நகலையும் வக்கீல் கையெழுத்திட்ட வக்காலத்து (உங்களுக்காக வழக்கை நடத்த அவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற வங்கிக் கணக்கில் போட்டு, அங்கிருந்து நேராக வக்கீல் பெயருக்கே செக் போகட்டும். மனு ராஜாஜி சாலையில் இருக்கும் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குத்தான் போகும். அதன் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டு நீங்களே தேடலாம். "ஜெயித்தால் 20 சதவீதம் கொடுங்கள், இப்போது முன்பணம் மட்டும்" என்று வக்கீல் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கின் முடிவை வைத்துக் கட்டணம் பேசுவதை பார் கவுன்சில் விதி தடை செய்கிறது.

கம்பெனி எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டால் தடைக்காலம் வந்துவிடும், அப்போது கம்பெனி மேல் புது வழக்கு நிற்காது. பணம் பங்கிடும் வரிசையிலும் பங்குதாரர் கடைசி ஆள். வீட்டுக்கடன் நிறுவனமான டிஹெச்எஃப்எல்லின் பங்குகள் 2021இல் ஒன்றுமில்லாமல் போனது அப்படித்தான். வங்கியாக இருந்தால், பங்குதாரர்கள் சேர்ந்து போடும், அதே கம்பெனிச் சட்டத்தின் 245ஆம் பிரிவின் கூட்டு வழக்கே பொருந்தாது. லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தபோது பங்கு மூலதனம் முழுக்க ரத்தானது நம் ஊரில் பலருக்கு இன்னும் ஆறாத புண். அந்த வலியைக் காட்டியே "வங்கி மேல் கூட்டு வழக்கு" என்று கேட்பவர்களை நம்பாதீர்கள்.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி மேல், சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுக்கக் காசே வேண்டாம். கம்பெனி 21 நாளில் பதில் சொல்ல வேண்டும். "நாங்கள் பதிந்து தருகிறோம், 1,500 ரூபாய்" என்பதும் ஏமாற்றுத்தான்.

ஏற்கெனவே பணம் போட்டவர்கள் யூபிஐ பரிவர்த்தனை எண்களையும் குழு உரையாடலையும் அழிக்காமல் வையுங்கள். ஒரு வேலைக்கென்று வாங்கிய பணத்தை வேறு வழியில் திருப்பினால் அது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 316ஆம் பிரிவில் நம்பிக்கை மோசடி. வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் புகார் எழுதும்போது தனித்தனியாகப் போகாமல் எல்லோருடைய தொகையையும் ஒரே அட்டவணையாகச் சேர்த்துக் கொடுங்கள்.