பாதி அளவில் சமைப்பவர்களுக்கு 5 கிலோ டிஜிட்டல் தராசு போதுமா?

ஒரு சமையல் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை சமைத்து முடிப்பது என்று கணவனும் மனைவியும் இறங்கிவிட்டால், புது வாணலிக்கு முன்னால் வாங்க வேண்டியது தராசு. ஒரே கப்பில் இருவர் மைதா அளந்தாலும் எடை ஒன்றாக வராது. கரண்டியால் போட்டு மேலே வழித்துவிட்டால் 120 கிராம் போல இருக்கும். கப்பையே மாவுக்குள் விட்டு அள்ளினால் 150 கிராம்கூட வந்துவிடும். போதாக்குறைக்கு, அமெரிக்கப் புத்தகத்தில் கப் என்றால் சுமார் 237 மி.லி., ஆஸ்திரேலியப் புத்தகத்தில் 250.

1 கிராம் வரை காட்டும் இந்தத் தராசு பெரிய அளவுகளுக்கு நன்றாகவே உழைக்கிறது. மாவு, சர்க்கரை, பால் எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் எண்ணைப் பூஜ்யமாக்கும் டேர் பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் இடையில் வெங்காயம் நறுக்கப் போனால் தானாக அணைந்துவிடும், அதுவரை நிறுத்த கணக்கும் போய்விடும். கிண்ணத்தின் வெற்று எடையை எழுதி அடியில் ஒட்டி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அகலக் கிண்ணம் எண்களை மறைத்தால், அடியில் ஒரு சிறிய டப்பாவை வைத்து உயர்த்திக்கொள்ளலாம்.

சிக்கல் பாதி அளவில்தான். புத்தகம் நாலைந்து பேருக்கு எழுதியிருக்கும். 7 கிராம் ஈஸ்ட் இருவருக்கு 3.5 ஆகிவிடும். தராசு 3 என்றோ 4 என்றோதான் சொல்லும். அதைவிட மோசம், ஈஸ்டைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் எண் அசையாமலே நிற்கும். மெதுவாக ஏறும் சிறு எடையை, பூஜ்யம் லேசாக நகர்ந்துவிட்டது என்று நினைத்துத் தராசே சரிசெய்துவிடுகிறது. அதனால் தனியாக ஒரு சிறு கிண்ணத்தில் போட்டு, மொத்தமாக வைத்து நிறுக்க வேண்டும். அப்படியும் 10 கிராமுக்குக் கீழே நம்புவதற்கில்லை. இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன் சுமார் 3 கிராம், பேக்கிங் பவுடர் சுமார் 4. இவற்றுக்கு ஸ்பூனே மேல். உப்பு மட்டும் விதிவிலக்கு: தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம் வரும், செதில் உப்பு அதைவிடக் குறைவாகவே வரும். புத்தகத்தில் ரொட்டியும் கேக்கும் அதிகம் என்றால் 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்றும் கூடவே வேண்டும்.

அரை முட்டைக்கு 5 கிலோ தராசே கைகொடுக்கும். ஒரு பெரிய முட்டை ஓடு நீக்கி ஏறக்குறைய 50 கிராம். நன்றாக அடித்து 25 கிராம் ஊற்றினால் தீர்ந்தது. ‘பாதியாகச் சுண்டும் வரை’ என்ற வரிக்கும் உதவும்: அடுப்பில் ஏற்றும் முன் பாத்திரத்தோடு நிறுத்து, வெற்றுப் பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட்டால் எங்கே நிறுத்துவது என்று தெரிந்துவிடும். சூடான பாத்திரத்தை நேராக வைக்காதீர்கள், உள்ளே உள்ள உணரி சூட்டில் தப்பாகக் காட்டும். மரப்பலகை போட்டு, அதன் எடையை டேர் செய்துவிட்டு வையுங்கள்.

கேக் அச்சுக்குத் தராசு உதவாது. 23 செ.மீ. வட்ட அச்சுக்கான மாவில் பாதிக்கு 16 செ.மீ. அச்சு வேண்டும், 11.5 அல்ல, பரப்பளவுதான் பாதியாக வேண்டும்.

வாங்கியதும் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரே பொருளைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். 2 கிராமுக்கு மேல் மாறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.