பழைய மூங்கில் தூண்டில் கோலைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

தாத்தாவின் தூண்டில் கோலைப் பாழாக்கிவிட்டார்கள். உங்களிடமும் மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்த பழைய கோல் இருந்தால், யார் கையிலும் கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள்.

மூன்று துண்டுக் கோல், கூடவே உபரியாக இன்னொரு நுனி. டோங்கின் என்ற உரமான மூங்கில் வகையை ஆறு முக்கோணப் பட்டைகளாக இழைத்து, அறுகோணமாக ஒட்டியது. குறை என்று பார்த்தால் இரண்டுதான். வார்னிஷ் அங்கங்கே உரிந்திருந்தது. நடுத்துண்டின் உலோக மூட்டு இறுகிப்போய்ச் சரியாகச் செருக வரவில்லை. பழைய கோல்கள்தான் தன் தொழில் என்று சொன்ன ஒருவரிடம் கொடுத்தேன். "புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன்" என்றார்.

மூன்று மாதம் கழித்து வந்தது. பளபளவென்று இருந்தது, சந்தோஷமாகத்தான் வாங்கினேன். வீட்டில் நுனியை இரண்டு விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தபோதுதான் திக்கென்றது. அறுகோணத்தின் விளிம்புகள் விரலில் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை, ஈர்க்குச்சி போல உருண்டையாக வழுக்கியது. பழைய வார்னிஷை எடுக்க உப்புத்தாள் போட்டு மூங்கிலையே தேய்த்திருக்கிறார்.

மூங்கிலின் வலுவெல்லாம் வெளித்தோலை ஒட்டிய நார்களில்தான். உள்ளே போகப் போக நார் குறைந்துகொண்டே வரும். அதனால்தான் கோல் செய்கிறவர்கள் பட்டையை உள்பக்கமாகவே இழைப்பார்கள். வெளிப்பக்கம் மேல்தோலை மட்டும் லேசாகச் சுரண்டுவார்கள். அதோடு விறைப்பு என்பது தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 2 மி.மீ. நுனியில் பக்கத்துக்கு 0.05 மி.மீ. தேய்ந்தாலே விறைப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். போனது உரமான நார் என்பதால் உண்மையான இழப்பு அதைவிட அதிகம். இரண்டாவது முறை வெளியே எடுத்துப் போனபோது நுனி வளைந்தது, அப்புறம் நிமிரவே இல்லை.

மூட்டுக்கும் இதே கதிதான். கறுத்திருந்த ஜெர்மன் சில்வரை உலோக பாலிஷ் போட்டுத் துடைத்திருந்தால் போதும். உள்ளே செருகும் ஆண் பகுதியைத் தேய்த்துத் தள்ளிவிட்டார். முன்பு இறுக்கம், இப்போது லொடலொட. அதை மூங்கிலோடு சேர்க்க எபாக்சி வேறு. லேசான சூட்டில் இளகும் மூட்டுப்பசையாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். எபாக்சிக்கு அதிகச் சூடு காட்ட வேண்டும், வஜ்ஜிரம் போட்டு ஒட்டிய பழைய பட்டைகள் அதைத் தாங்குமா என்பது சந்தேகம்தான்.

பட்டு நூல் சுற்றுகளும் போயின. அடர் சிவப்பு, ஓரத்தில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. செய்தவரின் கையெழுத்து மாதிரி அது. எல்லாவற்றையும் அறுத்துவிட்டுப் புது நூல் சுற்றியிருக்கிறார். நிறம் காக்கும் பூச்சு கொடுக்காமல் நேராக வார்னிஷ் அடித்ததால் பட்டு ஊடு தெரிகிறது, சிவப்பு போய்ப் பழுப்பாகக் கிடக்கிறது.

எனக்கு ஆறாத விஷயம் உபரி நுனி. இரண்டும் ஒரே நீளம் இருந்தவை. இப்போது ஒன்று இரண்டு அங்குலம் குட்டை. கேட்டால், "வரும்போதே அப்படித்தான் இருந்தது." நான் அளந்து வைக்கவில்லை, படமும் எடுக்கவில்லை. அதற்கு மேல் என்ன பேசுவது?

கொடுக்கும் முன் ஒவ்வொரு துண்டையும் அளவுகோலோடு வைத்துப் படம் எடுங்கள். நூல் சுற்றுகளைக் கிட்டத்தில் எடுங்கள். வார்னிஷை எப்படி எடுப்பீர்கள், மூட்டுக்கு என்ன பசை என்று கேளுங்கள். உப்புத்தாள் என்று பதில் வந்தால் கோலைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இப்போது வேறொருவர் பார்க்கிறார். புது நுனி இழைப்பதுதான் வழி என்கிறார். கோலைத் தொட்டதும் அவர் செய்த முதல் வேலை, ஐந்து அங்குலத்துக்கு ஒரு இடமாகத் தடிமனை அளந்து எழுதி, அதில் ஒரு பிரதியை என் கையில் கொடுத்தது.