டர்போ காரின் சைலன்சர் குழாய்: வீட்டில் எதுவரை கைவைக்கலாம்?

என்னிடம் இருப்பது 658 சீசீ டர்போ எஞ்சின் போட்ட வேகன் ஆர் ஸ்டிங்ரே. மச்சானிடம் 1 லீற்றர் டர்போ ஹொண்டா சிவிக். மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டையும் மாறி மாறி ஜாக்கில் ஏற்றி, மூன்று விதமான வேலையும் செய்து பார்த்துவிட்டோம். பின் சைலன்சரை மட்டும் மாற்றுவது ஒன்று. புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கொன்வேட்டருக்குப் பின்னால் வரும் குழாய் முழுவதையும் மாற்றுவது இன்னொன்று. மூன்றாவது, டர்போவின் வாயிலிருந்து இறங்கும் டவுன்பைப்பையே மாற்றுவது. எங்கள் ஊர்ப் பக்கம் நிறையப் பேர் மூன்றாவதில்தான் ஆசை வைக்கிறார்கள். என் முடிவு இரண்டாவது. காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் டர்போ என்ன செய்கிறது என்று பார்த்துக்கொள்வோம். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான வாயு டர்பைன் சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சுழற்சி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளுகிறது, அந்த அழுத்தம்தான் பூஸ்ட். சக்கரத்துக்கு முன்னால் அழுத்தம் கூடவும் பின்னால் குறையவும் இருந்தால்தான் அது சீக்கிரம் வேகமெடுக்கும். டர்போ இல்லாத எஞ்சினில் குழாயைக் கண்டபடி அகலமாக்கினால் கீழ் வேகத்தில் இழுவை குறையும். டர்போவுக்குப் பின்னால் அந்தப் பயம் பெரிதாக இல்லை. தடை குறையக் குறைய நல்லதுதான். ஆனால் 64 குதிரைவலு எஞ்சினுக்கு மூன்று அங்குலக் குழாய் எதற்கு? என் காருக்கு ஒன்றே முக்கால் அங்குலம் தாராளம். சிவிக்குக்கு இரண்டு, மிஞ்சினால் இரண்டே கால். அதற்கு மேல் போனால் பாரமும் சத்தமும்தான் மிச்சம், குழாய் நிலத்திலும் தட்டும்.

பின் சைலன்சரை மட்டும் மாற்றுவது ஒரு பின்னேர வேலை. இரண்டு நட், சில ரப்பர் கொழுக்கிகள். கறள் பிடித்த நட்டுக்கு முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊற வைத்தால் போதும். சத்தம் அழகாகும். இழுவையில் வித்தியாசம் தெரிந்ததென்று நான் சொல்ல மாட்டேன், தெரியவில்லை. சத்தம் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு இது சரி. சைலன்சரே இல்லாமல் நேர்க்குழாய் போடுவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. டர்பைன் சக்கரமே சத்தத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடுவதால், டர்போ காரில் நேர்க்குழாய் அவ்வளவு மோசமாகக் கேட்காது என்று தைரியம் வருகிறது. ஆனால் ஒழுங்கையில் வீடுகள் தோளோடு தோள் நிற்கும் ஊர் இது. காத்தான்குடியிலோ கல்முனையிலோ இரவு பத்து மணிக்கு அந்தக் காரைக் கொண்டு போனால் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை எழும்பும். சைலன்சர் இல்லாமல் ஓட்டுவது சட்டத்துக்கும் விரோதம். 2025 ஆரம்பத்திலிருந்து பொலிஸார் வாகனங்களை மறித்து, மேலதிகமாகப் பொருத்தியவற்றைக் கழற்ற வைத்ததை எல்லோரும் பார்த்தோம்.

டவுன்பைப் விஷயத்தில் மச்சான் பட்டதைச் சொல்ல வேண்டும். கூடுதலான வலு ஒளிந்திருப்பது அங்கேதான், அதில் சந்தேகமில்லை. வாயு மிகவும் சூடாகவும் நெருக்கமாகவும் இருப்பது அந்த இடத்தில். ஆனால் இப்போதைய சிறிய டர்போ கார்களில் கெட்டலிட்டிக் டர்போவின் வாயிலேயே ஒட்டியிருக்கிறது. டவுன்பைப்பை மாற்றினால் அதுவும் போய்விடும். அவன் மாற்றினான். ஒரு வாரத்துக்குள் எஞ்சின் விளக்கு எரிந்தது. பின்னால் இருக்கும் ஒட்சிசன் சென்சர், கெட்டலிட்டிக் வேலை செய்யவில்லை என்று எஞ்சினை இயக்கும் கணினிக்கு (ஈசியூ) சொல்லிவிட்டது. அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. தடை திடீரென்று குறைந்தால் டர்பைனுக்குப் போகாமல் வாயுவைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டின் சிறிய துவாரத்தால் மிச்ச வாயுவை வெளியே விட முடியாமல், பூஸ்ட் அழுத்தம் தானாக ஏறலாம். கணினி அதைக் கண்டால் பெற்றோலை வெட்டி வண்டியைக் குலுக்கும். காணாவிட்டால் பிஸ்டன் அடி வாங்கும். ஈசியூவைத் திரும்ப டியூன் செய்யாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது. அதற்கு நல்ல ஆள் தேடி இங்கிருந்து கொழும்புக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

அப்புறம் புகைப் பரிசோதனை. ஒவ்வொரு வருடமும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க அந்தச் சான்றிதழ் வேண்டும். கெட்டலிட்டிக் இல்லாமல் அதில் நின்றுபிடிப்பது கஷ்டம். மச்சான் பழைய பகுதியைத் திரும்பப் பூட்டித்தான் சான்றிதழ் எடுத்தான். நல்ல காலம், அதை இரும்புக் கடைக்குப் போடாமல் வைத்திருந்தான். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. அந்த இடைவெளியில் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய பாகத்துக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும், ஒரிஜினல் சாமானின் அருமை. எதைக் கழற்றினாலும் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள்.

ஆக, மிஞ்சுவது கெட்டலிட்டிக்குக்குப் பின்னால் உள்ள குழாய். சென்சர்களைத் தொட வேண்டாம், விளக்கு எரியாது, டியூனும் தேவையில்லை. மச்சானின் காரில் பூஸ்ட் கொஞ்சம் முந்தி வருவது கால் மிதியிலேயே தெரிந்தது. என் காரில் அந்த அளவு இல்லை, ஆனால் செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் ஏறும்போது மூச்சு முட்டுவது குறைந்தது. இதில் சிந்திக்க வேண்டியது எந்த இரும்பு, எப்படி ஒட்டுவது என்பதுதான். நான் பிழைவிட்டதும் இங்கேதான்.

முதல் தடவை சாதாரண இரும்புக் குழாயை வாங்கி, வீட்டு ஆர்க் வெல்டிங் பிளான்டால் ஒட்டினேன். ஒன்றரை மில்லிமீற்றர் சுவர். 2.5 மில்லிமீற்றர் வெல்டிங் குச்சியால் தொட்ட இடமெல்லாம் ஓட்டை விழுந்தது. 2 மில்லிமீற்றர் 6013 ரகக் குச்சியில், கரண்டைக் குறைத்து, தொட்டுத் தொட்டு எடுத்த பிறகுதான் பிடித்தது. ஆனால் இரண்டாவது மாரி முடியும் முன்னே வளைவில் விரல் போகும் ஓட்டை. கடல் ஒரு பக்கம், வாவி ஒரு பக்கம் உள்ள ஊரில் கறள் வெளியிலிருந்து தின்கிறது. உள்ளிருந்தும் தின்கிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. கல்லடியிலிருந்து டவுனுக்குப் போய்வரும் சின்ன ஓட்டத்தில் குழாய் சூடாகி அது ஆவியாவதற்குள் எஞ்சினை நிறுத்திவிடுகிறோம். தண்ணீர் சைலன்சருக்குள்ளேயே தேங்குகிறது. கம்பனிச் சைலன்சரின் அடியில் ஒரு சின்னத் துளை இருப்பது இதற்காகத்தான். நீங்கள் செய்யும் பெட்டியிலும் தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீற்றர் துளை போடுங்கள்.

கறளுக்குப் பயந்து நாகம் பூசிய ஜீஐ குழாய் வாங்கப் போகாதீர்கள். எல்லா ஹார்ட்வெயார் கடையிலும் இருக்கிறது, மலிவும்கூட. வெல்டிங் சூட்டில் அதன் நாகப் பூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர் காய்ச்சல் அடிக்கும். வெளிப்பூச்சைக் கிரைண்டரால் எடுக்கலாம், உள்பூச்சை என்ன செய்வது?

இரண்டாவது தடவை 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டேன். இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் செலவு. ஆனால் மூன்று மாரி கண்டும் அப்படியே இருக்கிறது. அது சூட்டில் இரும்பைவிட அதிகமாக நீளும், ஆகவே வளைந்துகொடுக்கும் பிளெக்ஸ் பைப்பும் ரப்பர் கொழுக்கிகளும் கட்டாயம். இறுக்கிக் கட்டினால் ஒட்டு வெடிக்கும். ஒட்டுவதற்கு ஆர்கன் வாயுவின் மறைவில் செய்யும் டிக் வெல்டிங்தான் நல்லது, குழாய்க்குள்ளும் ஆர்கன் விட வேண்டும். விடாவிட்டால் உள்பக்கம் சீனி பொரிந்ததுபோலக் கருகி, அங்கிருந்தே விரிசல் தொடங்கும். வீட்டில் ஆர்க் பிளான்ட் மட்டும் இருந்தால் 308 எல் ரகக் குச்சி, இரும்போடு சேர்க்கும் இடத்தில் 309 எல்.

நான் செய்த வழி இது. அளவெடுப்பதும் வெட்டுவதும் வீட்டில். காரிலேயே பொருத்திப் பார்த்து பேனாவால் கோடு போட்டு, கழற்றி, தரையில் வைத்துப் புள்ளி வெல்டிங். மறுபடி பூட்டிப் பார்த்துச் சரியென்றால் டிக் இருக்கும் கடைக்குக் கொண்டுபோய் முழு ஒட்டு. காருக்குக் கீழே படுத்துக்கொண்டு வெல்டிங் பிடிக்கவே கூடாது. பெற்றோல் டாங்க் பக்கத்தில் இருக்கிறது, கணினிகளும் கருகும். ஒரு புள்ளிதான் என்றாலும் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே நுழையாமல் ஸ்டாண்ட் வையுங்கள்.

குழாயின் முடிவு பம்பருக்கு வெளியே நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஏசி போட்டு நிற்கும்போது புகை காருக்குள் வரலாம். அதிலுள்ள நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பிள்ளைகள் பின் சீற்றில்தான் இருக்கிறார்கள். முடிந்தபின் எஞ்சினைக் குளிராக ஸ்டார்ட் செய்து, பின்வாயை ஈரத்துணியால் ஒரு கணம் அழுத்திப் பிடித்து, இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்த இடம் ஒழுகுகிறது. நூறு கிலோமீற்றர் ஓடியதும் குழாய்களை இணைக்கும் பிளேஞ்ச் தட்டுகளின் நட்டுகளை இன்னொரு முறை முறுக்கிவிடுங்கள், சூட்டில் தளர்ந்திருக்கும்.