மூன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்னோவா: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

2010ஆம் ஆண்டின் நடுவில் நாமக்கல்லில் பதிவு செய்யப்பட்ட எங்கள் டொயோட்டா இன்னோவா 2.5 டீசல் வண்டி, இப்போது மூன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. கோழித்தீவன வியாபாரத்துக்காகச் சென்னை, பெங்களூரு, ஐதராபாத் என்று தன் ஓட்டத்தில் பெரும்பகுதியை நெடுஞ்சாலையிலேயே கழித்த வண்டி இது. இவ்வளவு ஓடிய பிறகும் இதற்குச் செலவு செய்வதா, கொடுத்துவிட்டு வேறு வாங்குவதா என்ற கேள்வி 2024இன் இறுதியில் எங்கள் வீட்டில் எழுந்தது. பழுது பார்த்து வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தோம். அந்த முடிவுக்கு எப்படி வந்தோம், அதன் பிறகு வண்டி எப்படி இருக்கிறது என்பதை, இதே நிலையில் நிற்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2494 சிசி, நான்கு சிலிண்டர், காமன் ரெயில் டீசல் இன்ஜின், 102 குதிரைத்திறன், லாரியைப் போலத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் பாடி அமர்ந்திருக்கும் அமைப்பு, பின்சக்கர இயக்கம். 2005 முதல் 2016 வரை, அடுத்த தலைமுறையான இன்னோவா கிரிஸ்டா வரும்வரை, இந்த முதல் தலைமுறை இன்னோவா இந்தியாவில் விற்கப்பட்டது. ஊருக்கு ஊர் டாக்ஸியாக ஓடிய வண்டி என்பதால் இதன் உதிரிபாகம் கிடைக்காத ஊரும், இதைப் பிரித்துப் பூட்டத் தெரியாத பட்டறையும் தமிழ்நாட்டில் அரிது. பழைய வண்டியை வைத்துக்கொள்வதா என்று யோசிக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான் என்பது என் கருத்து. விற்பனையில் நிலைக்காமல் போன ஒரு மாடலாக இருந்திருந்தால், இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் வேறு முடிவுதான் எடுத்திருப்பேன்.

முதல் மூன்று லட்சம் கிலோமீட்டர் வரை பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆயில் சர்வீஸ் தவறாமல் செய்தோம். ஒவ்வொரு லட்சத்துக்கும் டைமிங் பெல்ட் மாற்றினோம். அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் அடிபட்டு இன்ஜினின் தலையையே கழற்ற வேண்டிவரும் என்பதால், அதில் மட்டும் யார் சொன்னாலும் நாள் கடத்தியதில்லை. நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் அளவில் கிடைத்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் வண்டி வேலை வைக்கத் தொடங்கியது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் தயங்காமல் ஏறிய வண்டி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தாலும் இழுக்காமல் கரும்புகை தள்ளியது. கிளட்ச் கடினமானது. மேடு பள்ளத்தில் முன்பக்கம் தடதடத்தது. ஒரு பெரிய பணிமனையில் காட்டியபோது, இன்ஜின் தேய்ந்துவிட்டது, ஹாஃப் இன்ஜின், அதாவது பிஸ்டனும் சிலிண்டரும் உள்ள கீழ்ப்பாதி, மாற்ற வேண்டும் என்று சொல்லி நான்கு லட்சம் ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். வண்டியை விற்றாலே ஏறத்தாழ அந்தத் தொகைதான் கிடைக்கும். மீட்டரில் ஓடியிருந்த கிலோமீட்டரைப் பார்த்துச் சொன்ன மதிப்பீடாகவே அது எனக்குப் பட்டது. இன்ஜினின் எந்தப் பகுதி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதற்கு அதில் ஓர் அளவுகூட எழுதப்படவில்லை.

நாமக்கல் லாரிகளின் ஊர். பாடி கட்டுவது முதல் டீசல் பம்ப், டர்போ வேலை வரை தலைமுறையாகச் செய்பவர்கள் இங்கு இருக்கிறார்கள். அப்படி ஒரு மூத்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் செய்த சோதனைகளைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் எங்கள் முடிவு அவற்றின் மேல்தான் நிற்கிறது.

இன்ஜின் சூடானதும், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதைத் தலைகீழாக அதே துளையின் மேல் வைத்தார். பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜினில் எரிந்த காற்று கீழே கசிந்து, மூடியைத் தூக்கித் தள்ளிவிடும். எங்கள் வண்டியில் மூடி லேசாக அதிர்ந்துகொண்டு வைத்த இடத்திலேயே இருந்தது. அடுத்து, ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) பார்த்தார். நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டின. பிறகு ஸ்கேனரைச் செருகி, டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் வண்டியின் கம்ப்யூட்டர் எவ்வளவு டீசலைக் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுகிறது என்று பார்த்தபோது, இரண்டு இன்ஜெக்டர்கள் மற்றவற்றிலிருந்து வெகுதூரம் விலகி நின்றன. இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால், புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் இஜிஆர் வழியாகத் திரும்பி வந்த புகைக்கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து உட்சுவரில் கெட்டியாகப் படிந்து, காற்றுப் போகும் வழி பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது. போதிய காற்று இல்லாமல், அளவுக்கு மீறி டீசல் விழுந்தால் கரும்புகைதான் வரும், இழுவை வராது. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் இன்ஜினில் இது இயல்பான படிவுதான்; சுத்தம் செய்தால் தீர்ந்துவிடுகிற ஒன்று.

அவர் அதோடு நிறுத்தியிருந்தால் எனக்குப் போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் அவர், "இன்ஜினப் பத்திக் கவலைப்படாதீங்க, அடியில துரு இருக்குதான்னு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணிக்கலாமுங்க" என்றார். வண்டியை லிஃப்டில் ஏற்றி, சேஸிஸை முன்னிருந்து பின்வரை சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; உள்ளே துரு தின்ற இரும்பு மொத்தென்று ஒலிக்கும். பின் காயில் ஸ்பிரிங் அமரும் இடம், சேறு தங்கும் குறுக்குச் சட்டங்களின் மூலைகள், சேஸிஸோடு பாடியை இணைக்கும் பாடி மவுண்ட்டுகள் ஆகியவற்றை மட்டும் மறுபடி மறுபடி தட்டினார். மேல்துரு இருந்தது, அரிப்பு இல்லை. நாமக்கல்லின் வறண்ட காற்று இதற்கு ஒரு காரணம். தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ கடற்கரையை ஒட்டி நின்ற வண்டியாக இருந்தால் இதே ஆண்டு மாடல் வேறு கதை சொல்லியிருக்கும். இன்ஜினைப் பிரித்துப் பூட்டலாம், கியர்பாக்ஸை மாற்றலாம், ஆனால் அரித்துப்போன சேஸிஸுக்கு ஒட்டுப்போட்டு வெல்டிங் வைத்து நெடுஞ்சாலையில் குடும்பத்தை ஏற்றிச் செல்வது எந்த வகையிலும் சரியல்ல. பழைய வண்டியைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அடியில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யக் கூடாது என்பதை இந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

மொத்த வேலைக்கும் ஏறத்தாழ 1,70,000 ரூபாய் ஆனது. இரண்டு இன்ஜெக்டர்கள், மேனிஃபோல்டு மற்றும் இஜிஆர் சுத்தம், கிளட்ச் செட், முன்பக்க லோயர் ஆர்ம் புஷ்களும் பால் ஜாயிண்ட்டுகளும், நான்கு ஷாக் அப்சார்பர்கள், ரேடியேட்டர், ரப்பர் ஹோஸ்கள் அனைத்தும், டைமிங் பெல்ட், நான்கு டயர்கள் ஆகியவை இதில் அடக்கம். இந்தப் பட்டியலை இரண்டாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தெளிவு வந்தது. டயர், பெல்ட், கிளட்ச், ஷாக் அப்சார்பர் ஆகியவை எந்த வண்டியாக இருந்தாலும் ஓட ஓடத் தேய்ந்து மாற்ற வேண்டியவை. புது வண்டி வாங்கினாலும் சில ஆண்டுகளில் அதற்கும் இவை வரும். வண்டியின் வயதுக்காக மட்டும் நான் கொடுத்தது இன்ஜெக்டர், மேனிஃபோல்டு, ரேடியேட்டர், ஹோஸ் ஆகியவற்றுக்கான பணம்தான், அது மொத்தத்தில் பாதிக்கும் குறைவு.

பழுதுச் செலவு வண்டியின் விற்பனை விலையில் பாதியைத் தொட்டால் விற்றுவிட வேண்டும் என்று ஒரு கணக்குப் பரவலாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. என் வண்டியை வாங்குபவர் அதற்கு என்ன கொடுப்பார் என்பது அவருடைய கணக்கு. இதே வேலையைச் செய்யும் இன்னொரு வண்டிக்கு நான் என்ன கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு. ஏழு பேர் அமரும், டீசலில் ஓடும் அதே வகைப் புது வண்டிக்கு 20 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள கார்களுக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். ஆக, வரி மட்டுமே 3,60,000 ரூபாய், அதாவது என் பழுதுச் செலவைப் போல் இரண்டு மடங்கு. காப்பீட்டுக்காக வகுக்கப்பட்ட தேய்மான அட்டவணைப்படி, ஐந்தாம் ஆண்டில் வண்டியின் மதிப்பு 50 சதவீதமாகிறது. ஐந்து ஆண்டுகளில் பத்து லட்சம் கரைந்தால், ஆண்டுக்கு இரண்டு லட்சம். நான் செலவழித்த தொகையை அதே ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 34,000 ரூபாய். இடையில் இன்னும் ஒரு பெரிய வேலை வந்தாலும் இந்த இடைவெளி அடைபடாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி குறைந்ததும் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு 18 சதவீதம் என்றானது பெரிய மாற்றம்தான். சிறிய கார் போதுமென்றிருப்பவர்கள் தங்கள் கணக்கை அவசியம் திருத்த வேண்டும். எங்கள் தேவைக்கான வண்டி 40 சதவீதத்தில் இருப்பதால் எங்கள் முடிவு மாறவில்லை.

பதினைந்து ஆண்டு ஆன வண்டியைக் கட்டாயம் உடைக்கக் கொடுக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். 2021இல் அறிவிக்கப்பட்ட பழைய வாகனக் கொள்கை தனியார் வண்டிகளை அப்படிச் சொல்லவில்லை. தகுதிச் சோதனையில் தேறினால் ஆர்.சி.யை (பதிவுச் சான்றிதழை) ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். டெல்லியின் நிலை வேறாக இருந்தது: அங்கு பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் விதித்த தடையை 2018இல் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் கார்களுக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. இங்கு பசுமை வரியும் உண்டு. எங்கள் வண்டி 2025இல் புதுப்பிக்கப்பட்டது. பழுது வேலையை அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே முடித்திருந்ததால் சோதனையில் எந்தக் குறையும் எழவில்லை. ஆர்.சி. முடிய ஓராண்டே இருக்கும் வண்டிக்கு, புதுப்பிக்கும் எண்ணம் இல்லாமல் பெரிய செலவு செய்வது வீண்.

பழைய கிரிஸ்டா வாங்கலாம் என்ற யோசனையும் இருந்தது. டெல்லித் தடையால் அங்கிருந்து தெற்கே வரும் டீசல் வண்டிகள் அப்போது விலை மலிவாகக் கிடைத்தன. ஆனால் அவற்றின் மீட்டர் உண்மையானதுதானா, பராமரிப்பு எப்படி என்று நமக்குத் தெரிய வழியில்லை. மூன்றரை லட்சம் ஓடிய என் வண்டியின் ஒவ்வொரு ஆயில் மாற்றமும் எனக்குத் தெரியும். ஒன்றரை லட்சம் என்று மீட்டர் காட்டும் வேறொருவர் வண்டியைவிட அதைத்தான் நான் நம்புவேன். பிஎஸ்6 என்ற புதிய புகை விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் உள்ள, புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியையும் யோசிக்க வேண்டியிருந்தது. அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள நீண்ட, சீரான ஓட்டம் தேவை. உள்ளூரிலேயே சுற்றும் வண்டிகளில் அது அடைபட்டுத் தொல்லை தரும்.

எந்தப் பழுது வேலையாலும் தீர்க்க முடியாத ஒன்று பாதுகாப்பு. எங்கள் வண்டியில் ஏர்பேக் இல்லை, திடீரென்று பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லை. ஏபிஎஸ் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமானது. ஓட்டுநருக்கான ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையில். மாற்றிவிடலாம் என்று என் மனைவி சொன்ன ஒரே காரணம் இதுதான். வாதங்கள் எல்லாவற்றிலும் வலுவானது அதுவே என்று இன்றும் நினைக்கிறேன். சீட் பெல்ட்டுகளைப் புதிதாக மாற்றினோம், பிரேக் முழுவதையும் பிரித்துச் செய்தோம், பின்னிருக்கையிலும் பெல்ட் போடாமல் வண்டி நகர்வதில்லை, 80க்கு மேல் ஓட்டுவதில்லை, இரவுப் பயணத்தை அடியோடு நிறுத்திவிட்டோம். இவையெல்லாம் ஏர்பேக்குக்கு ஈடாகா. புதிதாக ஓட்டப் பழகும் பிள்ளைகள் நெடுஞ்சாலையில் தனியே எடுத்துச் செல்ல வேண்டிய வீடாக இருந்தால், பணக் கணக்கு என்ன சொன்னாலும் வண்டியை மாற்றுங்கள் என்றே சொல்வேன்.

காப்பீட்டிலும் ஒரு குறை உண்டு. இந்த வயது வண்டிக்கு முழுக் காப்பீடு தரப் பல நிறுவனங்கள் தயங்குவதால், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருக்கிறோம். 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு அடிப்படைப் பிரீமியம் ஆண்டுக்கு 7,897 ரூபாய், வரி தனி. நம் வண்டிக்கு அடிபட்டால் முழுச் செலவும் கைக்காசு. அதற்கென்று ஒரு தொகையைத் தனியே வங்கியில் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

வேலை முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. கரும்புகை இல்லை, கொல்லிமலை ஏற்றத்தில் பழைய இழுவை திரும்பிவிட்டது, லிட்டருக்கு 12 கிலோமீட்டர் மறுபடி கிடைக்கிறது, ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் இடையில் ஆயில் ஊற்ற வேண்டியதில்லை. ஏசி கம்ப்ரஸர் மட்டும் சத்தம் போடத் தொடங்கியிருக்கிறது. வரும் கோடைக்குள் மாற்ற வேண்டும். எதைக் கண்டால் இதற்குமேல் செலவு செய்வதில்லை என்பதையும் வீட்டில் பேசி எழுதி வைத்திருக்கிறோம்: சேஸிஸில் அரிப்புத் தெரிந்தால், கம்ப்ரஷன் ஒரு சிலிண்டரிலாவது சரிந்தால், அல்லது வண்டி வழியில் நின்று வீட்டுக்கு இழுத்து வரும் நிலை ஒரே ஆண்டில் இரண்டு முறை நேர்ந்தால், அப்போதே கொடுத்துவிடுவது. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்த கையோடு, அதே மெக்கானிக்கிடம் வண்டியை லிஃப்டில் ஏற்றிச் சேஸிஸைத் தட்டிப் பார்த்துவிடுகிறோம். இந்தத் தை மாதம் பார்த்ததில் பின்பக்க இடது பாடி மவுண்ட்டின் ரப்பர் மட்டும் வெடித்திருந்தது. அதை மாற்றி, அந்த இடத்தில் துருத் தடுப்புப் பூச்சு அடித்திருக்கிறோம்.