இறக்குமதி வரியா, அளவுக் கட்டுப்பாடா?

ஐரோப்பா அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியை உயர்த்தியதற்குப் பதிலடியாக, 1964இல் அமெரிக்கா இலகுரக சரக்கு வாகனங்களின் இறக்குமதிக்கு 25 சதவீத வரி விதித்தது. கோழிப் பிரச்சினை ஓய்ந்த பின்னரும் அது பல பதிற்றாண்டுகள் நீடித்தது.

1981இல் கையாண்ட வழி வேறு. அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று ஜப்பான் ஒப்புக்கொண்டது.

இரண்டிலும் விலையேற்றத்தின் சுமை பெரும்பாலும் வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. ஆனால் வரி வழியே அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு பகுதியாவது அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. அளவுக் கட்டுப்பாட்டிலோ, தட்டுப்பாட்டால் கிடைத்த லாபம் ஜப்பானிய நிறுவனங்களையே சேர்ந்தது. எண்ணிக்கைக்கு மட்டுமே வரம்பு இருந்ததால், அவை விலை கூடிய பெரிய கார்களை அனுப்பத் தொடங்கின. தீங்கில் குறைந்தது வரியே என்பேன். எனினும் பதிலடி வரிகளைத் தூண்டும் அபாயம் அதற்கே அதிகம்.